வாயில்லா ஜீவனுக்கு எத்தனை வாய்?

எங்கள் மணிக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. கால்நடை மருத்துவர் கேட்டபோதும் தயங்காமல் இதைத்தான் சொன்னேன். அவர் தரையில் கிடந்த எடைப்பலகையின் எண்ணைப் பார்த்தார். 20.4 கிலோ. பிறகு என்னைப் பார்த்தார்.

“வீட்டில் எத்தனை பேர்?”

“ஐந்து பேர், டாக்டர். நான், கணவர், மகன், என் அம்மா, பணிப்பெண்.”

“வீட்டுக்குப் போனதும், இன்றைக்கு மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழ வேண்டாம்.”

போலிஸ் விசாரணை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மணி ஒரு ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’. இந்த ஊர்த் தெருவில் பிறந்த கலப்பின நாய்களுக்கு நாம் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. ஏழு வயதாகிறது. ஒரு வாரமாகப் பின்னங்கால் ஒன்றை முழுதாக ஊன்றாமல் நடந்தது. சோபாவில் தாவி ஏறுவதை எப்போது நிறுத்தியது என்று யோசித்தால் யாருக்கும் நினைவில்லை. வயதாகிறது போலும் என்று விட்டிருந்தோம். மருத்துவர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். மூட்டு ஜவ்வு இன்னும் அறுந்துவிடவில்லை, ஆனால் இந்த உடம்பை அது நெடுநாள் தாங்காது என்றார். அறுந்தால் அறுவை சிகிச்சைதான். இது 16 கிலோ இருக்க வேண்டிய நாய் என்றும் சொன்னார்.

நாலரைக் கிலோதானே அதிகம் என்று முதலில் தோன்றியது. 64 கிலோ இருக்க வேண்டிய ஒருவர் ஏறத்தாழ 82 கிலோ இருப்பதற்குச் சமம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது.

அன்றிரவே விசாரணை நடந்தது. அம்மா காலையில் தன் தட்டிலிருந்து ஒரே ஓர் இட்லி கொடுத்திருந்தார். மத்தியானம் மிஞ்சிய தயிர்ச்சோறு, ‘சும்மா ஒரு வாய்’. பணிப்பெண் தான் தேநீர் குடிக்கும்போது மாரி பிஸ்கட் மூன்று. மகன் பள்ளிவிட்டு வந்ததும் பல் சுத்தமாவதற்கான மெல்லும் குச்சி ஒன்று. “அது மருந்து மாதிரிதானேம்மா?” என்பது அவன் வாதம். கணவர் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சாதித்தார். இரவுச் சப்பாத்தியில் பாதி என்பது இரண்டாவது விசாரணையில்தான் வெளிவந்தது.

இதில் ஒருவர்கூட அளவு மீறிக் கொடுக்கவில்லை. அங்கேதான் சிக்கல். ஓர் இட்லி சுமார் 60 கலோரி. அந்த ஒரு வாய்த் தயிர்ச்சோறு 65. பிஸ்கட் மூன்றும் 75. குச்சி ஒன்றே 75. பாதிச் சப்பாத்தி 55. மொத்தம் 330 கலோரி. மணியின் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே ஏறத்தாழ 780தான். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் மனிதர், மூன்று வேளைக்கு மேல் தினமும் இன்னும் 840 கலோரிக்குச் சாப்பிட்டால் எப்படியோ அப்படி. அவரவர் கொடுத்தது அவரவருக்குத் தெரியும். ஐந்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது மணி மட்டும். அதுவும் யாரிடமும் சொல்லவில்லை.

‘வாயில்லா ஜீவன்’ என்று நாம் சொல்வது எவ்வளவு பரிவான சொல்! பசிக்கிறது என்று கேட்க அதற்கு வாயில்லையே என்ற இரக்கம் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஜீவனுக்கோ முழு நேரமும் வேலை செய்வது வாய் ஒன்றுதான். அரிசிமாவில் கோலம் போட்டால் எறும்பு தின்னும், சமைத்ததும் காக்கைக்கு ஒரு பிடி வைக்க வேண்டும், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்றெல்லாம் பழகிய கை அம்மாவுடையது. அந்தக் கையிடம் போய் ‘கொடுக்காதே’ என்று சொல்வது எளிதில்லை. நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவோம். பணிப்பெண் வேலை முடித்துத் தாமதமாகத்தான் சாப்பிடுவார். அப்பா போன பிறகு மத்தியான வேளையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே உயிர் மணிதான்.

சரி, மற்றவர்களைச் சொல்லியாயிற்று. கிண்ணத்தை நிரப்புவது நான். என் கை மட்டும் ஒழுங்கா?

உலர் உணவுப் பையோடு வந்த பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளிப் போடுவது என் வழக்கம். ஒரு கோப்பை 110 கிராம் என்பது என் நம்பிக்கை. முறுக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் 112, மறுநாள் 128. அவசரமாகக் கிளம்பும் நாளில் குவித்துப் போட்டுவிடுகிறேன் போலிருக்கிறது. சராசரியாக 120 கிராம் என்று வைத்தால் இரண்டு வேளைக்கு 240 கிராம்.

இதில் நான் தனியாள் இல்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 100 நாய் வளர்ப்போரிடம் கோப்பைகளைக் கொடுத்து உணவை அளந்து காட்டச் சொன்னார்கள். 2019ல் அந்த ஆய்வு வெளிவந்தது. சிலர் எடுத்தது சொன்ன அளவைவிட 48 விழுக்காடு குறைவு. சிலர் எடுத்தது 152 விழுக்காடு அதிகம், அதாவது இரண்டரை மடங்கு. அளவு சிறிதாகச் சிறிதாகப் பிழை பெரிதானது. நம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இருப்பவை சின்ன நாய்கள். கால் கோப்பையில் ஒரு பிடி கூடினால் ஷீ ட்ஸுவுக்கு அது அரைச் சாப்பாடு. ஆகவே கோப்பையைத் தூக்கிப் போடுங்கள். மாவு நிறுக்கும் தராசு போதும். கிராம் கணக்கில் அளங்கள்.

எத்தனை கிராம்? பையின் பின்புறம் ஓர் அட்டவணை இருக்கும். 10 முதல் 20 கிலோ வரையுள்ள நாய்க்கு இத்தனை முதல் இத்தனை கிராம் என்று விரிந்த எல்லையாகப் போட்டிருப்பார்கள். நாம் அதில் மேல் எண்ணைத்தான் பார்ப்போம். அதைவிட நம்பகமான ஒரு கணக்கை மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசி இருந்தால் போதும்.

நாய் இப்போது இருக்கும் எடையை எடுக்காதீர்கள், இருக்க வேண்டிய எடையை எடுங்கள். அதை மும்முறை பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு வர்க்கமூலம், அதற்கு இன்னொரு வர்க்கமூலம். பிறகு 70ஆல் பெருக்குங்கள். மணிக்கு 16 பெருக்கல் 16 பெருக்கல் 16 என்றால் 4,096. அதன் வர்க்கமூலம் 64. அதன் வர்க்கமூலம் 8. எழுபதால் பெருக்கினால் 560. தேர்வுக்கென்றே கணக்கு ஆசிரியர் வைத்ததுபோல் முழு எண்ணாக வந்தது. நாள் முழுதும் படுத்தே கிடந்தாலும் அந்த உடம்பு ஓடத் தேவையான கலோரி இது. கருத்தடை செய்த, சராசரியாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே தூங்கி எழுந்து இரண்டு முறை கீழே போய்வரும் நம் வீட்டு நாய்களுக்கு 1.2 முதல் 1.4 போதும். மணிக்கு 1.4 வைத்தால் 784.

இனி உணவுப் பையைத் திருப்புங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்று அச்சிட்டிருக்கும். நாம் பேச்சில் கலோரி என்பதும் அதுதான். எங்கள் பையில் 3,600. ஆக நான் போட்ட 240 கிராமே 864 கலோரி. அதோடு குடும்பத்தாரின் 330. மொத்தம் 1,194. தேவையைப்போல் ஒன்றரை மடங்கு. விசாரணையில் முதல் குற்றவாளி நான்தான் என்று தீர்ந்தது.

ஐந்து கிலோ நாய்க்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 330 கலோரி வரும். ஒரு முழுச் சப்பாத்தி அதில் மூன்றில் ஒரு பங்கு. நாம் சாப்பிடும் ஆறு சப்பாத்திக்குச் சமம். ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்று மேசைக்கடியில் நீட்டும் கைகளுக்காகச் சொல்கிறேன். குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் நோயுள்ளவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு மருத்துவர் சொல்வதுதான் அளவு.

எடை கொஞ்சம் கூடினால் என்ன, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1987ல் அமெரிக்காவின் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடோர் குட்டிகளை எடுத்துக்கொண்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாக இணை சேர்த்தார்கள். இணையில் ஒன்று சாப்பிட்டதைவிட மற்றதற்குக் கால் பங்கு குறைத்து, ஆயுள் முழுவதும் அப்படியே கொடுத்துவந்தார்கள். முடிவுகள் 2002ல் வெளிவந்தன. கூடுதலாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 ஆண்டு. அது மட்டுமில்லை. மூட்டுத் தேய்வுக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் மூன்றாண்டு தள்ளிப்போயிருந்தது. நாய் உணவு விற்கும் நிறுவனமே ‘குறைத்துப் போடுங்கள்’ என்று நிரூபித்துக் காட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அந்த ஆய்வில் என்னைத் தொட்டது வேறொன்று. கூடுதலாகச் சாப்பிட்ட நாய்கள் நகர முடியாத குண்டு இல்லை. ஒன்பது புள்ளி அளவுகோலில் நான்கும் ஐந்தும் சரியான உடல்வாகு. அவற்றின் சராசரி 6.7. அதாவது நாம் பார்த்தால் ‘நல்லா கொழுகொழுன்னு இருக்கே’ என்று கன்னத்தைக் கிள்ளும் அளவுதான். அந்தக் கொழுகொழுவின் விலை ஏறத்தாழ இரண்டு ஆண்டு. சின்ன நாய்களுக்கும் விலக்கில்லை. பன்னிரண்டு இனங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு 2019ல் வந்தது. அதில் பருத்த உடம்பால் அதிக ஆயுளை இழந்தது யார்க்‌ஷயர் டெரியர். இரண்டரை ஆண்டு வரை.

எடைப்பலகை கையில் இல்லையென்றால் விரல்களே போதும். நாயின் விலாவில் அழுத்தாமல் விரல்களை ஓட்டுங்கள். பிறகு உங்கள் கையைத் தொட்டு ஒப்பிடுங்கள். விரித்த புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுவதுபோல் விலா தட்டினால் சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்றிருந்தால் எடை கூடிவிட்டது. இறுக மூடிய முட்டியின் கணுக்களைப்போல் துருத்தினால் மெலிவு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்றே ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னோக்கி ஏற வேண்டும். மணியை மேலிருந்து பார்த்தபோது சின்ன மேசை ஒன்று நிற்பதுபோல் இருந்தது.

விலா தட்டுப்படுவது நம் கண்ணுக்குக் குறையாகப் படுகிறது. ‘எலும்பும் தோலுமா இருக்கே, வீட்டில் சாப்பாடு போடுவதில்லையா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஊரில் சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ பார்த்தவர்களுக்குத் தெரியும். விலா வரிவரியாகத் தெரிய, வயிறு ஒட்டி நிற்பதுதான் அவற்றின் அழகு. முயலைத் துரத்தி ஓடும் உடம்பு அது. தமிழர்களுக்கு ஒல்லி நாயின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்துக்கு வந்த பிறகு மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் அரசாங்கமே நாயின் எடையைப் பார்த்தது. வீவக வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். மணி போன்ற கலப்பினங்களுக்கு 2012ல் ‘அடோர்’ திட்டம் கதவைத் திறந்தது. தோளுயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்று வரம்பு வைத்தார்கள். 2020ல் எடை வரம்பை எடுத்துவிட்டு, உயரத்தை 55 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். நல்ல மாற்றம். பல நாய்களுக்கு வீடு கிடைத்தது. மணியும் அதற்குப் பிறகு வந்ததுதான். அந்த 15 கிலோ அடக்கமான உருவத்துக்காக வைத்த வரம்பு. ஆரோக்கியத்துக்கான வரம்பை வீட்டுக்காரர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இத்திட்டத்தில் வரும் நாய்களுக்குக் கருத்தடை கட்டாயம். அதன்பின் உடம்பு கேட்கும் கலோரி கணிசமாகக் குறைந்துவிடும், பசியோ கூடும். குட்டியாக இருந்தபோது போட்ட அளவையே நான் இத்தனை ஆண்டும் போட்டுவந்தேன்.

நடைப்பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் முதலில் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒரு கிலோ உடம்பு ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். இருபது கிலோ மணி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் நாற்பது சொச்சம் கலோரி. அம்மா கொடுத்த ஓர் இட்லிகூட அதில் கரையாது. நடை தசைக்கும் மூட்டுக்கும் மனசுக்கும் வேண்டும். எடையைக் குறைப்பது கிண்ணம்தான். அதுவும் நம் வெயிலில், வியர்த்துக் குளிர்ந்துகொள்ள முடியாத பிராணி அது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கொழுப்புப் போர்வையைச் சுமந்த நாயைப் பத்து மணி வெயிலில் இழுத்துக்கொண்டு ஓடினால் வெப்பத்தாக்கில் போய் முடியும். காலை ஏழுக்கு முன், மாலை ஏழுக்குப் பின் போங்கள்.

எங்களுக்கு அதில் இன்னொரு தொல்லை. குடியிருப்பது லிட்டில் இந்தியா வட்டாரம். ஞாயிற்றுக்கிழமை தீவெங்கிலும் இருந்து வந்த கூட்டம் கலைந்த மறுநாள் விடியலில், துப்புரவு ஊழியர்கள் வருவதற்குள், ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் மணிக்கு விருந்து காத்திருக்கும். பிரியாணிப் பருக்கை, கோழி எலும்பு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இப்போது திங்கட்கிழமைகளில் சுற்றுவழியாகப் போகிறோம்.

‘சோறே கூடாதா?’ என்று பலர் கேட்பதுண்டு. சோறு விஷமில்லை. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடியிருப்பதை 2013ல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் சோற்றைத் தின்று நாயானது என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் வெறும் சோற்றில் அதற்கு வேண்டிய புரதமும் தாதுக்களும் இல்லை. நூறு கிராம் வெந்த சோற்றில் 130 கலோரி இருக்கிறது. தட்டில் மிஞ்சியதைக் கொடுக்கும்போது சோற்றைவிட அதில் கலந்திருப்பதுதான் பயம். வெங்காயமும் பூண்டும், வெந்ததானாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் உண்டு. ஆகவே சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, புளியோதரை மூன்றும் வேண்டாம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய்களைப் பூட்டியே வையுங்கள். அது நாய்க்குக் கொஞ்சமே போதும், உயிருக்கே ஆபத்து.

கணக்கெல்லாம் முடிந்தது. இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

“ஏண்டி, ஒரு வாய் சோத்துக்கா கணக்குப் பாக்குற?” என்றார். நான் கலோரி, கிராம் என்று விளக்கினேன். “எனக்கும் சர்க்கரை இல்லாத கோப்பி, அதுக்கும் அளந்த சோறா? இந்த வீட்ல யாரையாச்சும் நிம்மதியா சாப்பிட விடுவியா?” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மணியோடு மட்டும் பேசினார். “உன்னைப் பட்டினி போடச் சொல்றாடா” என்று எனக்குக் கேட்கும்படியாக.

அடுத்த பரிசோதனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து மணியின் விலாமேல் வைத்தார். “எலும்பு தெரியுதாம்மா?” அம்மா தடவிப் பார்த்தார். தெரியவில்லை. அழுத்தினார். அப்போதும் சரியாகத் தெரியவில்லை. பின்னங்காலைத் தொட்டதும் மணி லேசாக முனகியது. அம்மா கையை எடுத்துவிட்டார். திரும்பும் வழியில் வாடகைக் காரில் ஒன்றும் பேசவில்லை. எங்கள் புளோக்கின் கீழே இறங்கும்போதுதான், “அது வலியோடதான் என் பக்கத்துல வந்து உக்காந்துச்சா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கிண்ணத்தை நிரப்பியது நான்தானே.

மருத்துவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். எடை குறையும்வரை மணிக்கு ஒரு நாளைக்கு 560 கலோரி. பழைய உணவையே அந்த அளவுக்கு வெட்டினால் புரதமும் வைட்டமினும் சேர்ந்து குறைந்துவிடும் என்பதால், எடை குறைப்பதற்கென்றே புரதமும் நாரும் கூட்டிச் செய்த உணவுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றினோம். அதில் 100 கிராமுக்கு 315 கலோரி. 160 கிராம் போட்டால் 504. மீதி 56 கலோரி தின்பண்டத்துக்கு. நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது என்பது பொது விதி.

அந்த 160 கிராமையும் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் கொடுத்தாலும், எப்போது கொடுத்தாலும், அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கடை மூடியாயிற்று. டப்பா யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது அம்மா, “என்கிட்ட குடு” என்றார்.

அதன்பின் வீட்டில் நடந்தது ஆட்சி மாற்றம். “மாப்பிள்ளை, சப்பாத்தியெல்லாம் வேணாம், டப்பாவுல இருந்து நாலு எடுத்துக் குடுங்க” என்று மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். கணவர் நீட்டிய கையை மடக்கிக்கொள்வார். மகனின் குச்சி நின்றது. பதிலாக அவனே துலக்கிவிடுகிறான், வாரத்தில் நான்கு நாளாவது. பணிப்பெண்ணுக்கு ஒரு பிஸ்கட் உரிமை தொடர்கிறது, 25 கலோரி. அம்மாவுக்கு அரை இட்லி, 30. இரண்டும் சேர்ந்தால் 55. சட்டம் மீறவில்லை. மத்தியானம் அம்மா சாப்பிடும்போது டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறார். தேக்கா ஈரச்சந்தையில் தனக்கு வாங்கும் வெள்ளரிக்காயில் நாலு வில்லை அதற்கும் நறுக்கி வைக்கிறார். வெள்ளரிக்காயில் தண்ணீரைத் தவிர வேறு பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கு எண்ணிக்கைதான் முக்கியம், அளவு புரிவதில்லை என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. ஒரு துண்டை நான்காகக் கிள்ளி நான்கு முறை கொடுத்தால் நான்கு முறையும் வாலாட்டுகிறது.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். நள்ளிரவில் சமையலறை வாசலில் நின்று பெருமூச்சு விடும். அந்தப் பார்வை நடிப்பு என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமலேயே இருக்கச் செய்யும் மரபணுக் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016ல் கண்டறிந்தார்கள். சில நாய்களுக்கு உண்மையாகவே பசிக்கிறது. அதற்காக ஒரே வேளையில் கொட்டாமல், அதே அளவைப் பிரித்து நான்கு வேளையாகக் கொடுக்கலாம், உருட்டினால் ஒவ்வொன்றாக விழும் பந்தில் போட்டுக் கொடுக்கலாம். எங்களுக்குப் பந்து உதவியது.

வாரத்துக்கு உடம்பெடையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு விழுக்காடு குறைந்தால் போதும். அவசரம் கூடாது. ஏப்ரலில் 20.4 இருந்தது தேசிய தினத்தின்போது 17.9. தீபாவளிக்கு முந்தைய வாரம் 17.1. பிறகு தீபாவளி வந்தது. சிராங்கூன் சாலையில் விளக்கு, வீட்டில் விருந்தினர். வந்தவர்களிடமெல்லாம் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் என் பெரியம்மா, அம்மாவைவிட மூத்தவர், “நாள் கிழமைன்னா அதுக்கும் தானே?” என்று ஆட்டுக்கறித் துண்டு இரண்டு போட்டதை யாராலும் தடுக்க முடியவில்லை. மூத்தவரை என்ன சொல்ல? அவர் போன பிறகு இன்னும் சிலரும் ஒப்புக்கொண்டார்கள். மறுவாரம் 17.4. அம்மா குளிர்பதனப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் அந்த எண்ணைத் தானே எழுதி, பக்கத்தில் ‘அக்கா’ என்றும் எழுதி வைத்தார்.

போன சனிக்கிழமை எடை பார்த்தோம். 16.8. இன்னும் 800 கிராம் பாக்கி. கால் ஊன்றி நடக்கிறது. புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சோபாவின் நடுவில் படுத்திருந்தது. அம்மா ஓரத்தில் இடுங்கி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அதை இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்டி, இப்பதான் ஏறுச்சு” என்றார்.